ரைசன் 5 4500யு-வா, ஐ5-1135ஜி7-ஆ? பழைய லேப்டாப் வாங்கும் முன் நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கினால் ஜூன் 14 வரை. அந்த 61 நாளும் மச்சான் படகு கரையில்தான். கல்லூரி ஃபீஸ் கட்டச் சொல்வதும் சரியாக அந்த நேரத்தில்தான். அதனால் அக்கா மகனுக்குப் புது லேப்டாப் என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. செகண்ட் ஹேண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று என் தலையில் கட்டினார்கள்.

பையனுக்கு வேண்டியது இரண்டு. கல்யாண வீடியோ எடிட் செய்ய வேண்டும், ஜிடிஏ 5 கேம் ஓட வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள பழைய கேமிங் லேப்டாப்பை நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம் ஊர் உப்புக்காற்றில் இரண்டு ஃபேனையும் சூட்டை வெளியே தள்ளும் அவ்வளவு பெரிய ஹீட் சிங்க்கையும் வைத்துக் காப்பாற்றுவது ஆனையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. பிராசசருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் லேப்டாப் போதும்.

கடைசியில் இரண்டு தேறின. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் கீழக்கரையில் விற்ற, ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 4500யு பிராசசர் போட்ட லேப்டாப் ஒன்று. மதுரையில் ஆபீஸ் லாட்டில் வந்த, இன்டெல்லின் ஐ5-1135ஜி7 போட்டது இன்னொன்று. பிடிக்காததைத் திருப்பித் தரலாம் என்ற பேச்சில் இரண்டும் ஒரு வாரம் உச்சிப்புளியில் என் மேசையில் கிடந்தன.

படி 1: பெயரைக் கடைசி எழுத்து வரை கேளுங்கள்

"ஐ5 சார், நல்ல ஜெனரேஷன்" என்றால் போதாது. இன்டெல்லில் கடைசியில் வரும் ஜி எண்தான் கிராஃபிக்ஸ் எப்படி என்று சொல்லும். பத்தாம் தலைமுறையில் ஐ5-1035ஜி1 என்றால் 32 கிராஃபிக்ஸ் யூனிட், 1035ஜி7 என்றால் 64. ஐ5-10210யு-வில் ஜி என்பதே கிடையாது, அது பழைய, வேகம் குறைந்த யுஹெச்டி கிராஃபிக்ஸ். நாம் பார்க்கும் 1135ஜி7, 2020-இல் வந்த பதினொன்றாம் தலைமுறை. கிராஃபிக்ஸின் பெயர் ஐரிஸ் எக்ஸ்இ, 80 யூனிட். நாலு கோர் (உள்ளே வேலை செய்யும் மூளைகள்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலை வரிசைகள்).

ஏஎம்டி பக்கம் வேறு மாதிரிக் குழப்பம். அங்கே கிராஃபிக்ஸின் பெயர் வேகா. 3500யு-வில் வேகா 8, 4500யு-வில் வேகா 6. எண்ணைப் பார்த்து 3500யு-தான் உசத்தி என்று நினைக்காதீர்கள். அந்த வேகா 8 ஓடுவது 1200 மெகாஹெர்ட்ஸ் வரை, இந்த வேகா 6 ஓடுவது 1500 வரை. மெமரி வேகமும் டிடிஆர்4-2400-லிருந்து 3200-க்கு ஏறிவிட்டது. 4500யு-வும் 2020 சரக்குதான். ஆறு கோர், ஆறு த்ரெட்.

நாம் பார்க்கும் 4500யு, 1135ஜி7 இரண்டுமே விண்டோஸ் 11 ஓடும் பிராசசர் பட்டியலில் உண்டு. ரைசன் 5 2500யு அதில் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், அதைச் சும்மா கொடுத்தாலும் நான் யோசிப்பேன்.

படி 2: ராம் ஒற்றையா, ஜோடியா?

நான் சறுக்கிய இடம் இதுதான்.

மதுரை லேப்டாப்பைத் திறந்து டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், கிராஃபிக்ஸ் பெயர் "இன்டெல் யுஹெச்டி" என்று இருக்கிறது. ஐரிஸ் எக்ஸ்இ என்ற பேச்சே இல்லை. "மாமா, டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிட்டான் போல" என்றான் பையன். எனக்கும் அப்படித்தான் பட்டது. டிரைவரை அழித்து மறுபடி போட்டேன், பயாஸை (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்தேன், ஒரு ராத்திரி போனதுதான் மிச்சம். விற்றவருக்குப் போன் போட்டுக் கொஞ்சம் கடுப்பாகவும் பேசிவிட்டேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அதே சிப்தான். உள்ளே ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக் இருந்தது. ராம் ஒற்றைச் சேனலில் (பிராசசருக்குப் போகும் ஒரே வழியில்) ஓடினால் இன்டெல் டிரைவர் அதை ஐரிஸ் எக்ஸ்இ என்று காட்டாது, யுஹெச்டி என்றுதான் காட்டும். பெயர் மட்டுமா மாறுகிறது? தனி கார்டுக்குச் சொந்த மெமரி உண்டு. இந்த மாதிரி கிராஃபிக்ஸுக்கு அது கிடையாது, பிராசசரோடு சேர்ந்து ஒரே ராமில்தான் குடித்தனம். டிடிஆர்4-3200 ஒரு சேனலில் விநாடிக்கு 25.6 ஜிபி கொடுக்கும், இரண்டு சேனலில் 51.2. ஒற்றை ஸ்டிக்கோடு கேம் ஓட்டுவது, இரண்டு குழாய் உள்ள தொட்டியில் ஒன்றை அடைத்துவிட்டுத் தண்ணீர் வரவில்லையே என்று நிற்பது மாதிரி. ரைசனுக்கும் இதே கதைதான். ஆனால் அது பெயரை மாற்றிக் காட்டிக்கொடுக்காது, சத்தமில்லாமல் மெதுவாக ஓடும்.

பார்க்கும் வழி: டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போனால் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். எனக்கு அதைவிட சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் மேல்தான் நம்பிக்கை. அதில் மெமரி டேப்பில் சேனல் என்ற இடத்தில் 2 x 64 பிட் என்று வர வேண்டும். போர்டிலேயே ஒட்டிய எல்பிடிடிஆர்4எக்ஸ் ராம் என்றால் 4 x 32 என்று காட்டும். பயப்பட வேண்டாம், வேகத்தில் அது இன்னும் நல்லது. பின்னால் கூட்ட முடியாது என்பதுதான் அதில் குறை.

அப்புறம் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கிப் போட்டேன். எடுத்துக்கொள்ளவே இல்லை!

படி 3: ஸ்லாட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள்

கடலோரத்தில் இல்லாதவர்கள் இதை மேலோட்டமாகப் படித்தால் போதும். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ஏர்வாடிக்காரர்கள் நின்று படியுங்கள்.

லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரி ஒயரின் கனெக்டரை எடுங்கள். பிறகு டார்ச் அடித்து ராம் ஸ்லாட்டைப் பாருங்கள். மதுரைக்கு வருவதற்கு முன் அந்த லேப்டாப் எந்தக் கடற்கரையில் இருந்ததோ, காலியாகக் கிடந்த இரண்டாவது ஸ்லாட்டின் கிளிப்பில் பொரிந்த சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. உள்ளே வரிசையாக இருக்கும் பற்களில் இரண்டு மூன்று மட்டும் மங்கிப் பச்சை பாரித்திருந்தன. ஸ்டிக் போட்டிருந்த முதல் ஸ்லாட் பளபளவென்று இருந்தது.

மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) என்று கேட்டால் சின்னப் பாட்டிலில் கொடுப்பார்கள். மெல்லிய பிரஷ்ஷை அதில் நனைத்து, பற்களின் நீளவாக்கில் மட்டும் தடவுங்கள். குறுக்கே தேய்த்தால் பல் வளைந்துவிடும். ராம் ஸ்டிக்கின் தங்கப் பட்டைகள் மங்கியிருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் ரெண்டே இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். அந்தத் தங்கப்பூச்சு அவ்வளவு கெட்டி இல்லை. ரப்பர் தூளை ஊதிவிட்டு, கால் மணி நேரம் காயவிட்டு மாட்டுங்கள். தின்னர், பெட்ரோல், துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே எதுவும் கிட்டவே வரக்கூடாது.

ராம் மாற்றியதும் முதல் தடவை ஆன் செய்தால் திரை கொஞ்ச நேரம் கருப்பாகவே இருக்கலாம், ரைசனில் இன்னும் அதிகம். மெமரியைப் பழக்கிக்கொள்கிறது. நான் பதறிப்போய் இரண்டு முறை ஆஃப் செய்தேன். மூன்றாவது தடவை ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன், வந்துவிட்டது. இன்டெல் பக்கத்தில் பெயர் தானாகவே ஐரிஸ் எக்ஸ்இ என்று மாறியிருந்தது. பையன் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டான்.

படி 4: இப்போது ஓட்டிப் பாருங்கள்

இரண்டிலும் 8+8 ஜிபி ராம். இரண்டிலும் சார்ஜர் மாட்டி, பவர் மோட் ஒரே மாதிரி வைத்து, விண்டோஸ் அப்டேட் முடிந்த பிறகு ஓட்டுங்கள். பிராசசர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23-ஐ பத்து நிமிடம் ஓடவிட்டு, வாட், சூடு எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோவைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். கடைசியில் வரும் எண்ணைவிட, முதல் நிமிடத்தில் எத்தனை வாட், பத்தாவது நிமிடத்தில் எத்தனை வாட் என்பதுதான் முக்கியம். 1135ஜி7-ஐ 12 வாட்டிலிருந்து 28 வாட் வரை லேப்டாப் கம்பெனிகள் இஷ்டத்துக்கு அமைக்கும். ஒரே சிப், இரண்டு லேப்டாப், இரண்டு வேகம். வாட் ரொம்பவே விழுந்தால் ஹீட் சிங்க்கின் இடுக்கில் பஞ்சு மாதிரி தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லா கோரும் உழைக்கும் வேலையில் ரைசன் முன்னால் போனது. ஆறு கோர் சும்மாவா? ஒற்றைக் கோர் வேகத்தில் இன்டெல். கிராஃபிக்ஸை அளக்க நான் வைத்துக்கொள்வது யூனிஜின் ஹெவன் என்ற மென்பொருள். பழசு, இலவசம், எதிலும் ஓடும். ஜோடி ராமில் ஐரிஸ் எக்ஸ்இ தெளிவாக முந்தியது. ஜிடிஏ 5 இரண்டிலும் ஓடுகிறது. செட்டிங்கைக் கீழே வைத்துக்கொண்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

சார்ஜரைப் பிடுங்கியும் ஒரு தடவை ஓட்டுங்கள். எங்கள் பக்கம் கரண்ட் போவது புதிதில்லை. பேட்டரியில் ரைசன் 4000 வரிசை முழு வேகம் எடுக்கச் சில விநாடி தயங்கும். அடிக்கடி சின்னச் சின்ன வேலை செய்பவர்களுக்கு அது கையில் தெரியும்.

வீடியோவுக்கு 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தை வைத்துக்கொண்டேன். அந்த 72.5 மீட்டர் இரும்புத் துண்டு அப்படியே மேலே எழும்பும் 4கே வீடியோக்கள் யூடியூபில் நிறைய உண்டு. வீடியோ ஏவி1 என்ற சுருக்க வடிவில் வந்தால் 1135ஜி7 அதைக் கிராஃபிக்ஸ் பக்கமே முடித்துவிடும், ஃபேன் சத்தம்கூட வராது. 4500யு-வுக்கு அந்த வசதி இல்லை, கோர்கள் முக்க வேண்டும். நல்ல கேமராக்களில் எடுக்கும், நிற விவரம் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி வகை வீடியோவை விரிப்பதிலும் இன்டெல்லுக்குத்தான் தனி வசதி. கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் கொடுப்பது அந்த ஃபைல்தான். பையன் இன்டெல்லை எடுத்துக்கொண்டான். ரைசனைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் நானே வைத்துக்கொண்டேன். என் கோடிங் வேலைக்கு ஆறு கோர்தான் சௌகரியம்.

பிறகு சேர்த்தது: 8 ஜிபி ரைசன் வாங்கிய ஒருவர், "5.9 ஜிபிதான் காட்டுகிறது, ராம் போலியா?" என்று கேட்டிருந்தார். போலி இல்லை. கிராஃபிக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கி வைத்திருக்கிறது. பயாஸில் யுஎம்ஏ ஃபிரேம் பஃபர் (கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் ராம் அளவு) என்று இருந்தால் 512 எம்பிக்கு இறக்குங்கள், தேவைப்பட்டால் அதுவே பொது ராமிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளும். பல லேப்டாப்களில் இந்த வரியையே ஒளித்து வைத்திருப்பார்கள். அப்போது இன்னொரு ஸ்டிக்தான் வழி.

இன்னொருவர் 8 ஜிபியோடு 4 ஜிபி ஸ்டிக் போடலாமா என்றார். போடலாம். 4+4 ஜோடியாக ஓடும், மிச்ச 4 ஒற்றையாக ஓடும். வாங்குவதற்கு முன் பழைய ஸ்டிக்கின் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள், டிடிஆர்4 என்று வாயால் சொல்லி டெஸ்க்டாப் ராமோடு வீடு திரும்பியவனும் நான்தான்.