டோர்ச் ஒரிஜினலா கொப்பியா என்று பார்ப்பவர்கள் பெற்றரியில் விடும் தவறுகள்

போன கிழமை ஒரு தம்பி கடைக்கு வந்தார். கையில் புது டோர்ச், நல்ல கம்பனிச் சாமான். "அண்ணன், அரை மணித்தியாலத்தில மங்குது. டோர்ச்சில பிழை போல" என்றார். பின்மூடியைக் கழற்றி, பெற்றரியை உள்ளங்கையில் போட்டதுமே விளங்கிவிட்டது. பாரமே இல்லை. உறையில் 9900 எம்ஏஎச் (பெற்றரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு) என்று பெரிய எழுத்து. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் விட்ட அதே பிழை.

மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் டோர்ச், தலைலைட் திருத்துவது என் தொழில். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் வட்டைகளில் யானைக்காவல் இருப்பவர்களும், இரவில் வாவியில் இறால் பிடிப்பவர்களும்தான் கூடுதலாக வருவார்கள். இப்போது வேப் (பெற்றரியில் ஓடும் மின்சிகரெட்) வைத்திருக்கும் பொடியன்மாரும், டோர்ச்சில் போடும் அதே 18650 என்ற பெற்றரிச் செல்லைக் கொண்டுவருகிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ஒரிஜினலுக்குக் கூடக் காசு கொடுக்கத்தான் வேணுமா? டோர்ச்சுக்கு என்றால் கட்டாயமில்லை. செல்லுக்குக் கட்டாயம் வேணும்.

கொப்பி டோர்ச் எல்லாம் குப்பை என்று நினைப்பது

அப்படி இல்லை. அலுமினியக் குழாய், கண்ணாடி, ரப்பர் வளையம் இவற்றில் கொப்பியும் சில நேரம் வருடக்கணக்கில் உழைக்கிறது. வித்தியாசம் உள்ளே இருக்கும் சின்ன சேர்க்கிட்டில். நல்ல டோர்ச் செல் இறங்கும்போது 3 வோல்ட்டுக்குக் கிட்ட தானே நின்றுவிடும். கொப்பி நிற்காது, 2.5 வோல்ட்டுக்கும் கீழே உறிஞ்சும். அப்படி இரண்டு மூன்று தடவை நடந்தால் நல்ல செல்லும் செத்துப்போகும். கொப்பி டோர்ச் வைத்திருப்பவர்கள் அடியில் பாதுகாப்புச் சேர்க்கிட் பொருத்திய செல்லாக வாங்குங்கள். அது வழமையான செல்லைவிட நாலைந்து மில்லிமீற்றர் கூடுதல் நீளமாக இருக்கும். டோர்ச்சைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

உறையில் உள்ள எண்ணை நம்பி வாங்குவது

இதில்தான் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

18650 என்ற பெயரே அளவுதான்: 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். 1991-இல் சோனி லித்தியம் அயன் பெற்றரியைச் சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்து எத்தனையோ முன்னேற்றம் வந்துவிட்டது. ஆனாலும் அந்த அளவுக் குழாய்க்குள் நல்ல கம்பனிகள் அடக்குவது 3500 எம்ஏஎச்சைச் சுற்றித்தான். மிகப் புதியவை 4000-ஐத் தொடப் பார்க்கின்றன. அதற்குள் 9900 எங்கிருந்து வரும்?

எனக்கு அது அப்போது தெரியாது. கொழும்பு புறக்கோட்டையில் நாற்பது செல் எடுத்தேன். ஒரு ஒரிஜினலின் விலைக்கு மூன்று வந்தது, எண்ணும் மூன்று மடங்கு. சந்தோசமாகக் கொண்டுவந்து விற்றேன். வெல்லாவெளிப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கும் இரண்டு கொடுத்தேன். வேளாண்மை குடலைப் பருவம். இரவு பத்து மணிக்கு யானை வட்டைக்குள் இறங்கியிருக்கிறது. லைட்டை அடித்திருக்கிறார். வெளிச்சம் மங்கி மங்கி, நின்றுவிட்டது. மற்ற செல்லும் அப்படியே. விடியும்வரை மரத்தில் கட்டிய காவல் வாடியிலேயே இருட்டில் இருந்து, கதிர் வைக்கப் போகும் பயிரை யானை மிதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

காலையில் வந்து டோர்ச்சை மேசையில் வைத்தார். "தம்பி, உங்கட சாமான நம்பித்தானே ராவைக்கு வாடிக்குப் போன நான்." வேறொன்றும் சொல்லவில்லை. கைக்கு எட்டியவரை எல்லாரிடமும் செல்லைத் திருப்பி வாங்கிக் காசைக் கொடுத்தேன். அந்தப் பெரியவரின் பயிருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுகா ஒரு செல்லைப் பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்தேன். 27 கிராம். ஒரிஜினல் 45-க்கும் 48-க்கும் இடையில் நிற்கும். அளக்கும் சார்ஜரில் போட்டால் 740 எம்ஏஎச். ஒன்றை வெட்டிப் பார்த்தேன் (நீங்கள் வெட்ட வேண்டாம், தீப்பிடிக்கும்): உள்ளே விரல் அளவுச் சின்னச் செல் ஒன்று, மிச்ச இடம் முழுக்க வெள்ளைத் தூள்.

தராசு எல்லாக் கள்ளத்தையும் பிடிக்காது. பழைய லப்டொப் பெற்றரியை உடைத்தெடுத்த செல்லுக்குப் புது உறை போட்டு விற்கிறார்கள். அதில் பாரம் சரியாக இருக்கும். அதற்கு இரண்டு முனையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தகடு ஒட்டியிருந்த இடத்தில் ஊசிமுனை அளவு பற்றவைத்த புள்ளிகளோ, அவற்றை மறைக்கத் தேய்த்த கீறலோ தெரியும். புதுச் செல்லின் முனை வழுவழுப்பாக இருக்கும். இன்னொன்று, சோனி தன் பெற்றரித் தொழிலை 2017-இல் முராட்டா கம்பனிக்கு விற்றுவிட்டது. "போன மாதம் வந்த புதுச் சோனி செல்" என்று யாரும் நீட்டினால் வாங்காதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், 3000 எழுதிய செல்லையும் 9900 எழுதிய செல்லையும் பக்கத்தில் வைத்தால் பத்தில் எட்டுப்பேர் பெரிய எண்ணைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

ஒரிஜினல்தானே என்று டோர்ச் செல்லை வேப்பில் போடுவது

டோர்ச் செல்லில் தேடுவது எவ்வளவு நேரம் எரியும் என்பதை. வேப்பில் பார்க்க வேண்டியது எவ்வளவு மின்னோட்டத்தை ஒரேயடியாகக் கொடுக்கும் என்பதை. முழுதாக ஏறிய செல் 4.2 வோல்ட். வேப்பில் சூடாகும் கம்பிச்சுருள், அதாவது கொயில், 0.2 ஓம் என்றால் வகுத்துப் பாருங்கள், 21 ஆம்பியர். 3400 எம்ஏஎச் டோர்ச் செல் தாங்குவது ஐந்து முதல் ஏழு ஆம்பியர்தான். சேர்க்கிட்டே இல்லாத வெறும் குழாய் வேப், அதிலும் கொப்பி என்றால் தடுக்க நடுவில் ஒன்றுமில்லை. செல் கொதித்து வாயு கக்கும், குழாயில் வாயு போகத் துளையும் இல்லாவிட்டால் வெடிக்கும். அது முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கிற சாமான். சேர்க்கிட் இல்லாத குழாயோடு வருபவர்களுக்கு நான் எந்தச் செல்லும் கொடுப்பதில்லை.

உறை கிழிந்த செல்லைப் பாவிப்பது

முனை மட்டும்தான் மைனஸ் என்று நினைக்கிறார்கள். பக்கச்சுவர் முழுக்க மைனஸ். தலைப்பக்கம் உறை கிழிந்தால் பிளஸ்ஸுக்கும் அதற்கும் இடையில் ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான். புது உறை சில ரூபாதான், கொண்டுவந்தால் மாற்றித் தருவேன்.

சில்லறையோடு சட்டைப்பையில் போடுவது

வேண்டாம். பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள்.

வாவித் தண்ணி போன செல்லைக் காயவைப்பது

உப்பு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். திரும்பப் போடாதீர்கள்.

செத்த செல்லை வளவுக் குப்பையோடு எரிப்பது

வெடித்துப் பறக்கும். முனைகளில் டேப் ஒட்டி என் கடையில் கொண்டுவந்து தாருங்கள், கொழும்புக்குப் போகிற மின்கழிவோடு அனுப்பிவிடுகிறேன்.