அட்டையைக் கடைசியில் செய்யுங்கள்: பிரிண்ட் ஆன் டிமாண்ட் கோப்பு திரும்பி வராமலிருக்க

ஆர்டர் வரும்போது மட்டும் பிரதி அச்சிடுவதுதான் பிரிண்ட் ஆன் டிமாண்ட். கோப்பில் பிழை இருந்தால் அச்சிடும் சேவை அதைத் திருப்பிவிடும். முதல் புத்தகம் போடுகிறவர்கள் ஆசை ஆசையாக அட்டையில்தான் ஆரம்பிப்பார்கள். தலைவலியும் அங்கேதான் ஆரம்பம். முதுகின் (முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் நடுவில் உள்ள பட்டை) தடிமன் பக்க எண்ணிக்கையைப் பொறுத்தது. அதுவோ அளவும் எழுத்துருவும் முடிவான பிறகுதான் தெரியும். கீழே உள்ள எண்கள் அமேசானின் சுயவெளியீட்டுச் சேவையான கேடிபியின் கறுப்பு-வெள்ளை பேப்பர்பேக்குக்கு உரியவை. வேறு சேவை என்றால் அவர்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: அளவு, ஐஎஸ்பிஎன்

கதை, கட்டுரைக்கு 5.5 × 8.5 அங்குலம் போதும். வெளியிட்ட பிறகு அளவையோ தலைப்பையோ மாற்ற முடியாது. கேடிபி இலவசமாகத் தரும் ஐஎஸ்பிஎன்னை (புத்தகத்தின் அடையாள எண்) வேறு இடத்தில் அச்சிடும்போது பயன்படுத்தவும் முடியாது.

படி 2: உள்பக்கங்கள்

வேர்டில் பக்க அளவை மாற்றாமல் ஏ4-இலேயே பிடிஎஃப் எடுப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. முதலில் அதைச் சரிபாருங்கள். முதுகை ஒட்டிய உள்விளிம்பு 150 பக்கம் வரை 0.375 அங்குலம், 151–300 பக்கத்துக்கு 0.5, 301–500 பக்கத்துக்கு 0.625. இவை குறைந்தபட்சம்தான். இதோடு நிறுத்தினால் வாசகர் புத்தகத்தைப் பிளந்து வைத்துத்தான் படிக்க வேண்டும். கொஞ்சம் தாராளமாக விடுங்கள். படம் ஓரம்வரை போகாத புத்தகத்தில் வெளிவிளிம்பு குறைந்தது 0.25.

படங்கள் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும்: 4 அங்குல அகலப் படத்துக்கு 1200 பிக்சல். வாட்ஸாப்பில் சாதாரணமாக வந்த படம் சுருங்கியிருக்கும், மூலக்கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

படி 3: தமிழ் எழுத்து

யூனிகோட் எழுத்துருவையே எடுங்கள், பிடிஎஃப்பில் அது உட்பொதிந்திருக்க (கோப்புக்குள்ளேயே சேர்ந்திருக்க) வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். சேவையின் தானியங்கிச் சோதனை இதைப் பிழையாகவே பார்க்காது. கண்ணால்தான் பிடிக்க வேண்டும். ‘கொ’, ‘கோ’, ‘கை’ வரும் சொற்களைத் தேடிப் பாருங்கள்.

படி 4: இப்போது அட்டை

பின்னட்டை, முதுகு, முன்னட்டை மூன்றும் ஒரே பிடிஎஃப். முதுகின் தடிமன் கிரீம் தாளில் பக்கத்துக்கு 0.0025 அங்குலம், வெள்ளைத் தாளில் 0.002252. ஆக, 200 பக்க கிரீம் புத்தகத்தின் முதுகு 0.5 அங்குலம். அச்சிட்ட பிறகு ஓரத்தை வெட்டுவார்கள். அந்த வெட்டுக்காக நாற்புறமும் 0.125 சேர்த்தால்:

அகலம்: 0.125 + 5.5 + 0.5 + 5.5 + 0.125 = 11.75
உயரம்: 0.125 + 8.5 + 0.125 = 8.75

பின்னணி நிறம் வெட்டுப்பகுதியின் ஓரம்வரை போகாவிட்டால் அச்சில் வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். முதுகில் எழுத்து வேண்டுமானால் 79 பக்கமாவது இருக்க வேண்டும். எழுத்தின் இருபுறமும் 0.0625 விடுங்கள். பின்னட்டையின் வலது கீழ்மூலையில் பார்கோடுக்கு 2 × 1.2 அங்குலம் காலியாக இருக்கட்டும், ஆசிரியர் படத்தை அங்கே வைக்காதீர்கள்.

படி 5: மாதிரிப் பிரதி

திரையில் பளிச்சென்று தெரியும் அடர்நீலம் தாளில் மங்கிவிடும், அதனால் ஒரு பிரதி வரவழைத்துப் பாருங்கள். அட்டையில் ‘விற்பனைக்கு அல்ல’ என்ற பொருளில் ஆங்கிலப் பட்டை ஓடும். மாதிரிக்கு மட்டும்தான் அது. பிழை திருத்தியதில் 20 பக்கம் கூடிவிட்டதா? கிரீம் தாளில் முதுகு 0.05 அங்குலம் தடித்துவிட்டது. படி 4-ஐ மறுபடி போடுங்கள்.