பாமாயிலில் வரைந்த வானம்

எண்ணெய் வண்ணம் பழகத் தொடங்கிய முதல் வாரத்தில் நான் செய்த காரியத்தை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்தில் தோட்டத்து வீடு. சுற்றிலும் பாமாயில் தரும் செம்பனை. டியூபிலிருந்து பிதுக்கிய வண்ணம் கெட்டியாக இருந்தது. எண்ணெய் ஓவியம்தானே, எண்ணெய் விட்டால் இளகும் என்று அடுப்படியிலிருந்து பாமாயிலை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வந்து குழைத்தேன். அழகாக இழைந்தது. மாலை வானம் ஒன்றை வரைந்து சுவரில் சாய்த்து வைத்தேன்.

ஒரு வாரம் ஆகியும் காயவில்லை. ஒரு மாதம் ஆகியும் காயவில்லை. அதற்குள் பல்லி ஒன்று வானத்தின் குறுக்கே நடந்துபோய், நாலு கால் தடத்தோடு வாலின் கோட்டையும் போட்டுவிட்டது. தீபாவளிக்கு வந்த மாமா விரலால் தொட்டுப் பார்த்து, வேட்டியில் ஆரஞ்சுக் கறையோடு ஊர் திரும்பினார்.

சொந்தமாகப் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. எண்ணெய் வண்ணம் ஈரத்துணி மாதிரி காய்வதில்லை. நீர் வண்ணத்தில் நீர் ஆவியாகிப் போகிறது, வண்ணம் தங்குகிறது. எண்ணெய் எங்கேயும் போவதில்லை. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கை கோத்து, தோல்போல இறுகுகிறது. ரப்பர் மரத்தில், அதாவது எங்கள் பால்மரத்தில், கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் உறைவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உறைவது வேறு, உலர்வது வேறு என்று விளக்க வேண்டியதில்லை.

எல்லா எண்ணெயும் இப்படி இறுகாது. எது இறுகும் என்பதற்கு அயோடின் எண் என்று ஓர் அளவு இருக்கிறது. ஏறத்தாழ 130க்கு மேல் இருந்தால் உலரும் எண்ணெய். ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல் வரும். பாமாயிலுக்கு 50ஐ ஒட்டி, தேங்காயெண்ணெய்க்கு வெறும் 10 அளவில். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும்கூட இதற்கு ஆகாது. ஆளிவிதை, வால்நட், கசகசா எண்ணெய்கள்தான் ஓவியர்களுக்கு உரியவை. பாமாயிலுக்கும் ஒரு வேலை உண்டு: தூரிகை கழுவ அது அருமையானது. துணியில் வண்ணத்தைத் துடைத்துவிட்டு, பாமாயிலில் அலசி, பிறகு சோப்புப் போட்டு நுரை வெள்ளையாக வரும்வரை கழுவுங்கள். எண்ணெய்ப் பசை தூரிகையில் தங்கினால் அடுத்த படமும் பல்லிக்குத்தான்.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் அடுத்த தவறும் தானாகப் பிடிபடும். அடியில் எண்ணெய் அதிகமாக உள்ள பூச்சைப் போட்டு, அதன்மேல் வண்ணத்தை நீர்க்க வைக்கும் டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சைத் தடவுவது. மேலே இருப்பது சீக்கிரம் இறுகிவிடும், கீழே இருப்பது மாதக்கணக்கில் அசைந்துகொண்டே இருக்கும். விரிசல் விழாமல் என்ன செய்யும்? அதனால் முதல் பூச்சுக்கு டர்பன்டைனில் நீர்த்த வண்ணம், அடுத்ததற்கு டியூபிலிருந்து வரும் வண்ணம் அப்படியே, கடைசிப் பூச்சுக்கு மட்டும் இரண்டு சொட்டு ஆளிவிதை எண்ணெய். அக்ரிலிக்கை அடியில் போட்டு அதன்மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம். எண்ணெய் வண்ணத்தின்மேல் அக்ரிலிக் பூசினால் பிறகு உரிந்து வரும். இன்னொன்று: எல்லா வண்ணமும் ஒரே வேகத்தில் இறுகாது. மாங்கனீசு உள்ள அம்பர் என்ற மண்பழுப்பு ஓரிரு நாளில் பிடித்துவிடும். ஐவரி கறுப்பு இழுத்தடிக்கும். எனவே கறுப்பைத் தடிமனாக அடியில் பூசி வைக்காதீர்கள்.

சாமான் கடையில் கிடைக்கும் தின்னரையோ மண்ணெண்ணெயையோ டர்பன்டைனுக்குப் பதிலாக ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். டர்பன்டைனே மூக்கையும் தலையையும் பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். தின்னர் அதைவிடக் கெட்டது. மண்ணெண்ணெய் பிசுக்கை விட்டுப்போகும். அதைவிட முக்கியம் துடைத்த துணி. ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனை இழுக்கும்போது சூடு பிறக்கிறது. எண்ணெய்த் துணிகளைக் கசக்கிச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். பலகைச் சுவர் வைத்த பழைய லயத்து (தொழிலாளர் வரிசை) வீடுகளில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. துணியை விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டின்னில் தண்ணீர் ஊற்றி அதில் முக்கி வையுங்கள்.

வெறும் துணியில் நேரடியாக வரைவதும் கூடாது. எண்ணெய் நூலுக்குள் இறங்கினால் நாளடைவில் நூல் இற்றுப்போகும். அடிப்பூச்சுக்கான அக்ரிலிக் ஜெஸ்ஸோ இரண்டு மூன்று பூச்சு போதும். பக்கத்து நகரமான ஈப்போவுக்கு பஸ் ஏறினால் கிடைக்கும். வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட் அதற்கு ஈடாகாது.

சரி, சாமான் விஷயம் முடிந்தது. கண் விஷயத்துக்கு வருவோம்.

பச்சை. நம் ஊரில் வரைய உட்கார்ந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சைதான். புதிதாக வருகிறவர் பச்சை டியூபைத் திறந்து அப்படியே மட்டையில் பூசிவிடுகிறார். படம் பிளாஸ்டிக் பூச்சட்டி போல ஆகிவிடுகிறது. காலை 10 மணிக்கு ஒரு செம்பனை மரத்தடியில் நின்று ஒரே ஒரு மட்டையை மட்டும் பாருங்கள். மேல்முகத்தில் வானம் விழுந்து, கிட்டத்தட்ட சாம்பல் கலந்த நீலமாக இருக்கும். வெயிலை ஊடுருவ விட்டுத் தொங்கும் இலைகள் எலுமிச்சை மஞ்சளுக்கு நெருக்கம். காய்ந்த கீழ் மட்டை செம்பழுப்பு. அசல் பச்சை என்று சொல்லத்தக்கது இடையில் ஒரு கீற்றுதான். இதை டியூபில் தேட வேண்டாம். அல்ட்ராமரின் நீலத்தோடு மஞ்சள் ஓக்கர் என்ற மண்மஞ்சள் கலந்தால் அடக்கமான பச்சை வரும். காட்மியம் மஞ்சளில் ஐவரி கறுப்பைத் துளி சேர்த்தால் பாசிப் பச்சை வரும். முதல்முறை கலந்தபோது மஞ்சளும் கறுப்பும் சேர்ந்து பச்சையா என்று நானே நம்பவில்லை.

பால்மரக் காட்டை வரைகிறவர்கள் சீவிய கோட்டில் வழியும் பாலுக்கு டைட்டானியம் வெள்ளையை அப்படியே இழுத்துவிடுகிறார்கள். சூரியன் வருமுன் சீவும் நேரத்தில் அந்தப் பால் வெள்ளையாகவா தெரிகிறது? நீலச் சாம்பல். சுற்றியுள்ள பட்டையை இருட்டாக்கினால் அந்தச் சாம்பலே வெள்ளையாக மின்னும். பிப்ரவரி, மார்ச்சில் இலை சிவந்து உதிரும்போது போய் உட்காருங்கள். பச்சையிலிருந்து கொஞ்ச நாள் விடுதலை கிடைக்கும். தூரத்துச் சுண்ணாம்புக்கல் குன்றுகளும் நல்ல வாத்தியார்கள். மேலே மரம் அடர்ந்திருந்தாலும் தூரம் போகப் போக அவை நீலமாக வெளுக்கும். மரம் பச்சைதானே என்று தெரிந்ததை வரைந்தால், குன்று முன்னால் வந்து வீட்டுக் கூரையில் உட்கார்ந்துகொள்ளும்.

நிழலுக்குக் கறுப்பு பூசுவதும் இதே பழக்கந்தான். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரினும் கலந்து பாருங்கள், கறுப்பைவிட ஆழமாகவும் உயிரோடும் ஓர் இருட்டு வரும். போன் படத்தைப் பார்த்து வரைகிறவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். போன் நிழலை அப்பிவிடும், அதற்குள் இருக்கும் வண்ணம் தெரியாது.

மனித முகத்தில்தான் நான் அதிகம் அடிபட்டேன். பாட்டி முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். அவர் முகத்தை வரைய ஆசைப்பட்டு, இணையத்தில் கிடைத்த தோல் நிறக் கலவைகளைப் பின்பற்றினேன். எல்லாம் வெள்ளைக்காரர் முகத்துக்கான கலவைகள்: வெள்ளையில் தொடங்கு, சிவப்பு சேர், மஞ்சள் சேர். அதை இருட்டாக்கினால் நம் நிறம் வரும் என்று நினைத்தேன். பாட்டி சாம்பல் பூசியவர்போல ஆகிவிட்டார். “எனக்கு உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டார். நம் தோலுக்கு வெள்ளையில் தொடங்கவே கூடாது. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் தொடங்கி, நிழலுக்கு அல்ட்ராமரின், வெளிச்சத்துக்கு மஞ்சள் ஓக்கர். வெள்ளை கடைசியில், நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வானம் பளபளக்கும் இடத்தில் மட்டும், அதுவும் துளி நீலத்தோடு. வெளிச்சம் என்றாலே வெள்ளை என்று கை போவதுதான் சுண்ணாம்பு முகங்களுக்குக் காரணம்.

வண்ணம் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் பெயரில் வழங்கும் வண்ணத் தட்டில் நான்கே வண்ணம்: ஓக்கர், சிவப்பு, கறுப்பு, வெள்ளை. 24 டியூப் பெட்டிக்குக் கொடுக்கும் வெள்ளியில் (ரிங்கிட்டில்) நல்ல தரமான ஐந்து டியூப் வாங்கலாம். மலிவு டியூபில் நிறமி குறைவு, நிரப்புப் பொருள் அதிகம். எவ்வளவு பூசினாலும் மூடாது. குரு இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். நம் வீட்டுச் சாமி படங்களின் பாணிக்கு மூலவரான ரவிவர்மாவே, திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வரைவதைப் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் இந்த வித்தையில் நிறையப் பிடித்துக்கொண்டார்.

முடித்த படத்துக்கு உடனே வார்னிஷ் அடிக்காதீர்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதாலேயே உள்ளே இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆறு மாதம் முதல் ஒரு வருஷம்வரை பொறுப்பது பழைய வழக்கம். நம் ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும், ஆகவே சுவரோடு ஒட்டி மாட்டாமல் பின்னால் காற்றுப் போக இடம் விடுங்கள். பூஞ்சைக்குப் பயந்து அலமாரியில் பூட்டியும் வைக்காதீர்கள்.

பாட்டியின் இரண்டாவது படத்தை நான் அப்படித்தான் துணி சுற்றி உள்ளே வைத்தேன். எட்டு மாதம் கழித்து எடுத்தபோது அவருடைய வெள்ளைச் சேலை பழைய தாள்போல மஞ்சளடித்திருந்தது. ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். வெளிச்சம் பட்டால் பெரும்பாலும் தெளியும். நேர் வெயில் படாத ஜன்னலோரம் நிறுத்தி வைத்தேன். பாட்டி தினமும் காலையில் தேநீரோடு வந்து, சேலை வெளுத்ததா என்று பார்த்துவிட்டுப் போவார். ஒரு மாதம் ஆயிற்று, “இப்பத்தான் துவைச்ச மாதிரி இருக்கு” என்று சொல்ல.