வாங்கிய பிறகுதான் கணக்கே ஆரம்பம்: சொத்து முதலீட்டில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலீட்டுக்காக ஒரு வீடோ மனையோ வாங்கப் போகிறவரிடம் "எவ்வளவு லாபம் வரும்?" என்று கேளுங்கள், உடனே பதில் வரும். "மாதாமாதம் கையிலிருந்து எவ்வளவு போகும்?" என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். "விற்க எத்தனை மாதம் பிடிக்கும்?" என்றால் பேச்சு நின்றுவிடும். புதியவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி இரண்டு கேள்விகளைத் தள்ளிப்போடுவதால் வருபவைதான்.

முதலில் வாடகை. வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம், ஆண்டு வாடகை 5. ஐந்து சதவீத வருமானம் என்று தோன்றும். ஆனால் ஒருவர் காலி செய்து அடுத்தவர் வர ஒரு மாதம் ஆனாலே, ஆண்டு வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அப்புறம் சொத்து வரி, பராமரிப்பு, காப்பீடு, பெயின்ட், ஒழுகும் குழாய், ஆள் பிடித்துக் கொடுத்த தரகருக்குக் கமிஷன். எல்லாம் சேர்ந்து வாடகையில் 30 சதவீதத்தை விழுங்கினால் மிச்சம் 3.5தான். நீங்கள் போட்ட பணமும் உண்மையில் 100 இல்லை. பத்திரச் செலவு, தரகு, வக்கீல் கட்டணம், குடிவைக்கும் முன் பார்த்த சில்லறை வேலைகள் என்று 108 ஆகியிருக்கும். இப்போது வகுத்துப் பாருங்கள், சுமார் 3.2 சதவீதம்.

செலவுக்குப் போன 30 சதவீதம், வாங்கும்போது கூடிய 8 எல்லாம் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் கட்டடத்துக்கான எண்ணை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதே கட்டடத்தில் ஏற்கெனவே வாடகைக்கு விட்டிருக்கும் ஒருவரைப் பிடித்து, போன ஆண்டு என்னென்ன செலவு வந்தது என்று விசாரியுங்கள். விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அவர் சொல்லும் வாடகை பல நேரம் வரக்கூடிய வாடகை, வந்துகொண்டிருப்பது அல்ல.

அடுத்து கடன். "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்று யாராவது சொன்னால் பேப்பரும் பேனாவும் எடுத்துவிடுங்கள். அதே வீட்டுக்கு 80 கடன், 8 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால், ஆண்டுக்குக் கட்ட வேண்டியது சுமார் 8. நிகர வாடகையோ 3.5. மீதி 4.5 உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும், அதுவும் வருடா வருடம். முதல் ஆண்டில் கட்டும் அந்த எட்டில் 6.3 வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 1.7 மட்டுமே. சரி, பத்து ஆண்டு ஒழுங்காகக் கட்டியாயிற்று, பாதி கடன் தீர்ந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. 80-இல் இன்னும் 55 பாக்கி இருக்கும். வட்டி விகிதம் மாறக்கூடிய கடன் என்றால், 2 சதவீதம் ஏறினாலும் தாக்குப்பிடிக்க முடியுமா என்றும் போட்டுப் பாருங்கள். ஆறு மாதத் தவணையாவது தனியாக எடுத்து வைக்காமல் கையெழுத்துப் போடுவதை நான் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன்.

கடன் லாபத்தைப் பெருக்கும் என்பதும் உண்மைதான். வாங்கும் செலவைத் தள்ளிவைத்துப் பார்த்தால், உங்கள் பணம் 20 மட்டும் இருக்கையில் விலை 10 சதவீதம் ஏறினால், போட்ட பணத்தில் பாதி லாபம். அதே 10 சதவீதம் இறங்கினால் போட்டதில் பாதி காலி. முதல் பாதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள்.

விலை எங்கே இறங்கப் போகிறது என்பதுதான் இதற்கு வழக்கமாக வரும் பதில். ஜப்பானில் 1990களின் தொடக்கத்தில் உச்சம் தொட்ட நகர நில விலைகள் பத்தாண்டுக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்தன. அமெரிக்காவில் 2006-க்கும் 2012-க்கும் இடையில் வீட்டு விலைகள் நாடு முழுவதும் சராசரியாகக் கால்பங்குக்கு மேல் விழுந்தன. அங்கேயும் அதற்கு முன்புவரை மக்கள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "பதினைந்து வருஷத்தில் ரெண்டு மடங்கு ஆகிவிட்டது" என்ற பெருமையையும் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். 72-ஐ ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தோராயமான ஆண்டு வளர்ச்சி கிடைக்கும். 72-ஐ 15-ஆல் வகுத்தால் 4.8 சதவீதம். அதிலும் விலைவாசி உயர்வைக் கழிக்க வேண்டும், வாடகை வராத வெறும் மனை என்றால் காத்துக்கிடந்த செலவையும் கழிக்க வேண்டும்.

பத்திரம் பார்க்கும் விஷயத்தில் அவசரம்தான் முதல் எதிரி. "இன்னொருத்தர் நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார்" என்று தரகர் சொல்வதில் எத்தனை தடவை அந்த இன்னொருத்தர் நிஜமாக இருந்தாரோ! விற்பவருக்கு முழு உரிமை இருக்கிறதா, கையெழுத்துப் போட வேண்டிய வாரிசுகள் எல்லோரும் சம்மதிக்கிறார்களா, சொத்தின் மேல் அடமானமோ வழக்கோ இருக்கிறதா, கண்ணில் தெரியும் பாதை பத்திரத்திலும் பாதையாக இருக்கிறதா, அளந்தால் பத்திரத்தில் சொன்ன அளவு வருகிறதா என்று பாருங்கள். இதற்கு உங்கள் செலவில், உங்களுக்காக வேலை செய்யும் வக்கீல் வேண்டும். விற்பவர் காட்டும் வக்கீல் வேண்டாம். வங்கி கடன் கொடுத்துவிட்டதால் பத்திரம் சுத்தம் என்று நினைப்பதும் தவறு. வங்கி பார்ப்பது தன் பணத்துக்கான பாதுகாப்பை. முன்பணம் கொடுக்கும்போது, கடன் கிடைக்காவிட்டாலோ வில்லங்கம் தெரியவந்தாலோ அது திரும்பி வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல் போதாது. நண்பர்களோடு கூட்டாக வாங்குவதானால், ஒருவர் விலக நினைத்தால் என்ன செய்வது என்பதையும் அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள்.

இடத்தை ஒரே ஒரு முறை, அதுவும் வெயில் நேரத்தில், தரகர் கூட்டிப்போனபோது மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்கள் நிறையப் பேர். மழை பெய்த மறுநாள் தனியாகப் போய்ப் பாருங்கள், ராத்திரி ஒன்பது மணிக்கும் ஒரு நடை நடங்கள். தண்ணீர் நிற்பதும் சுவரில் ஈரம் ஏறியதும் தெரு விளக்கு எரியாததும் அப்போதுதான் தெரியும்.

கடைசியாக விற்பது. பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்கலாம்; வீட்டில் ஒரு அறையை மட்டும் விற்றுப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது. 100-க்கு வாங்கி, செலவோடு 108-க்கு அடங்கிய வீட்டை விற்கும்போது தரகு போன்றவற்றுக்கு 2 சதவீதம் போனால், விலை அந்த 100-இலிருந்து 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் ஏறிய பிறகுதான் போட்ட முதலே கைக்கு வரும். கட்டிய வட்டி இதில் சேரவில்லை. மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தை இதில் போடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

எந்தப் பகுதியில் வாங்க நினைக்கிறீர்களோ, அங்கே விற்பனைக்கு வந்திருக்கும் அதே மாதிரி சொத்துகள் ஐந்தை விலையோடும் தேதியோடும் இன்றே ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். எத்தனை விற்றுப்போயின, எத்தனை விலையைக் குறைத்துக்கொண்டு இன்னும் அங்கேயே நிற்கின்றன என்று தெரிந்துவிடும்.