இடையில் நின்ற பிள்ளையைத் திரும்பப் படிக்கவைக்க

என் அக்காவின் மகன் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நின்றான். அவனைத் திரும்பப் படிப்பில் சேர்க்க அலைந்ததில் நான் தெரிந்துகொண்டது இது. கொட்டாஞ்சேனையில் எங்கள் தோட்டத்தில், அதாவது நெருக்கமான வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்பிலேயே, இப்படி நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதலில் வயதைப் பாருங்கள். 1998 இல் 14 வயதுவரை என்றிருந்த கட்டாயக் கல்வி, 2016 இல் 16 வயதுவரை என்று மாறியது. அதற்குள் இருந்தால் சட்டம் உங்கள் பக்கம். நான் விட்ட பிழை, ஒரு அதிபரிடம் போய்க் கெஞ்சியது. "வயசு கூடிட்டுது, சின்னப் பிள்ளைகளோட இருத்தேலாது" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார். இன்று வா, நாளை வா என்று இன்னும் இரண்டு இடங்களில் காத்திருந்ததில் அவனுக்கு 16 கடந்துபோனது. நீங்கள் நேரே வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். முறைசாராக் கல்விக்கு, அதாவது பள்ளிக்கு வெளியே இருப்பவர்களின் படிப்புக்கு, பொறுப்பானவர் யார் என்று கேளுங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். வாயால் சொன்னதை யாரும் ஞாபகம் வைப்பதில்லை.

16 தாண்டிவிட்டால் மகரகமவுக்குப் போங்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் திறந்த பாடசாலை பள்ளியை விட்டவர்களுக்கென்றே இருப்பது. கோட்டையிலிருந்து 138 பஸ். முதல் கேள்வியாகத் தமிழ்மொழி வகுப்பு எங்கே, எந்த நாளில் என்று கேளுங்கள். தமிழில் படிவம் தரச்சொல்லிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழும் பாடசாலை விடுகைப் பத்திரமும் கையில் இருக்கட்டும். அடையாள அட்டைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதிபர் மூலம் விண்ணப்பிப்பார்கள். இவன் போன்றவர்களுக்குக் கிராம அலுவலர்தான். அதை முதலே தொடங்குங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு (O/L) தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, அதாவது பள்ளிக்கூடம் மூலமாக இல்லாமல், விண்ணப்பிக்கும்போது அட்டை இல்லாமல் ஓட வேண்டிவரும்.

சேர்க்குமுன் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று வீட்டிலேயே பாருங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்கள் இலவசமாக இருக்கின்றன. ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் பின்னத்தைக் காட்டினேன். புத்தகத்தை மூடிவிட்டு, "சித்தி, இது எனக்கு ஏறாது" என்றான். கொஞ்சம் பொறுத்து, "மீட்டர் 480 எண்டா, ரெண்டே முக்கால் மீட்டர் என்ன விலை?" என்று கேட்டேன். தேத்தண்ணியைக் கீழே வைக்காமலே "ஆயிரத்து முன்னூத்தி இருபது" என்றான். எப்படி என்றேன். மூன்று மீட்டருக்குப் பார்த்து, கால் மீட்டரைக் கழித்தானாம். அதையே அப்படியே கொப்பியில் எழுதவைத்தேன். அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திரும்பத் திறந்தான்.

பாடங்களில் பேராசை வேண்டாம். உயர்தரத்துக்கு (A/L) போக, சாதாரண தரத்தில் முதல்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி (தேர்ச்சி), அதில் மூன்று திறமைச் சித்தி போதும். 35 எடுத்தால் சாதாரண சித்தி, 50 எடுத்தால் திறமைச் சித்தி. இவன் விஞ்ஞானத்துக்குப் பயந்து ஒரு மாதம் தூங்கவில்லை. கணிதத்தையும் தமிழையும் முதலில் பிடி என்றேன்.

வேலையை உடனே விடச்சொல்லாதீர்கள். அந்தச் சம்பளத்தை வீடு நம்பியிருக்கும். முதலாளியிடம் நீங்களே போய், வகுப்பு நாளுக்கு மட்டும் லீவு கேளுங்கள். நான் போனபோது அவர் முணுமுணுத்தார், ஆனால் தந்தார். பதிலுக்கு நத்தார் சீசனில் இரவு ஒன்பதுவரை நிற்க வேண்டும் என்றார். நின்றான்.