தேங்கிய சரக்கை நகர்த்திய விதம்

கடையில் மேசை விளக்குகள் நகரவே இல்லை. எல்லோருக்கும் தள்ளுபடி கொடுத்தால் லாபம்தான் கரையும். அதனால் பழைய பில்களிலிருந்து வாடிக்கையாளர் பெயர், போன் நம்பரை நீக்கிவிட்டு, பில் எண், தேதி, பொருள், எண்ணிக்கை மட்டும் ஏஐயிடம் கொடுத்தேன். விளக்கு வாங்கிய பில்களில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். நோட்டும் பேனாவும் என்றது. எக்செல்லில் சரிபார்த்தேன், உண்மைதான். இந்தச் சரிபார்ப்பை மட்டும் விடவே கூடாது. ஏஐ சில சமயம் சாதாரணக் கூட்டலிலும் தடுமாறலாம். அப்புறம் அடக்க விலையைச் சொல்லி, அதற்குக் கீழே போகாத சலுகை கேட்டேன். விளக்கோடு நோட்டுகள் சேர்ந்த செட் ஒன்றைச் சொன்னது. எழுதுபொருள் வாங்குபவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு மட்டும் செய்தி அனுப்பினேன். மீதிப் பேருக்கு அனுப்பவில்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. செய்தி கிடைத்தவர்கள்தான் அதிகம் வாங்கினார்கள்.