அரிசியில் வண்டா? நெல் குதிர் ஒன்றைப் பாருங்கள்

காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் வீடு என்றால் கடல்காற்றின் ஈரம் அரிசி மூட்டைக்குள்ளும் போய்விடும். ஐப்பசி மழையில் வண்டு வராத வீடே இல்லை.

பொன்னேரிப் பக்கம் எங்கள் பாட்டி வீட்டில் நெல் சேமிக்கும் மண்குதிர் இருந்தது. வளையம் போன்ற மண் உறைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கைக் களிமண்ணும் சாணமும் பூசி அடைத்திருப்பார்கள். தரையில் படாமல் கல் மேல் நிற்கும். நெல்லை மேலே கொட்டுவார்கள். எடுப்பது மட்டும் அடியில் உள்ள துளை வழியாக. அதனால் பழைய நெல் முதலில் செலவாகும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த அடித்துளைதான். நாமோ டிரம்மில் பழைய அரிசி மேலேயே புதியதைக் கொட்டி, அடியில் கிடப்பதை வண்டுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

சரி, டிரம்மைக் காலி செய்து, துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, சூடு ஆறிய பிறகு நிரப்புங்கள். ஈர அரிசியை நிழலில் உலர்த்தினால் போதும், கடும் வெயிலில் விரிசல் விட்டு நொறுங்கும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து உள்ளே போடுங்கள். பச்சை இலை வேண்டாம், அதிலும் ஈரம் உண்டு. அப்புறம் டிரம்மைச் சுவரை ஒட்டாமல் பலகை மேல் வையுங்கள்.

பெரிய களஞ்சியம் பார்க்க ஆசையா? தஞ்சாவூர் மாவட்டப் பாபநாசம் அருகே திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. குழந்தைகளையும் அழைத்துப் போங்கள்.